விஸ்காம் சேக்கணுமா, நல்ல போன் ஒண்ணு போதாதா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருந்து ஓர் அப்பா, 11 மே 2025

எம்மவ பிளஸ் டூ முடிச்சிட்டா. காமர்ஸ் குரூப்பு, மார்க்கும் நல்லாத்தான் இருக்கு. பி.காம் சேருன்னா கேக்க மாட்டேங்கா, விஷுவல் கம்யூனிகேஷனாம், அந்த விஸ்காம்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. படம் எடுக்கணுமாம், எடிட் பண்ணணுமாம். அவ கையில இருக்குத போனே 4கே எடுக்கு. எடிட்டிங் எல்லாம் யூடியூப்ல ஓசியில சொல்லித் தாராவ. பெறவு மூணு வருசம் பீஸ் கட்டி எதுக்கு அனுப்பணும்? அந்த ரூவாய்க்கு ஒரு கேமரா வாங்கிக் குடுத்தா போதாதா? இந்தத் தொழில்ல இருக்கவிய ஒளிவு மறைவு இல்லாம சொல்லுங்க.

11 மே, இரவு

அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில விஸ்காம் படிச்சவ. இப்போ வண்ணாரப்பேட்டையில எடிட்டிங் பண்ணுதேன். கல்யாணம், கொடைன்னு சொல்லுத கோயில் திருவிழா, கடை விளம்பரம், எப்பவாவது ஒரு குறும்படம்.

போன் 4கே எடுக்கும், அதுல சண்டையே இல்ல. படம் தெளிவாத் தெரியணும்ங்கிறதுக்காக இன்னைக்கு யாரும் காலேஜுக்குப் போக வேண்டாம். எடிட்டிங் சாப்ட்வேர் படிக்கவும் போக வேண்டாம்.

சேக்கிறதுக்கு முன்னால ஒண்ணு செய்யுங்க. எந்தக் காலேஜைப் பாக்கப் போனாலும் கேமரா ரூமைக் காட்டுவாவ, ஸ்டுடியோல பச்சைத் திரையைக் காட்டுவாவ. பாத்துக்கிடுங்க. அப்புறம், "ரெண்டாம் வருசப் பிள்ளைய எடுத்த படம் ரெண்டு மூணு போடுங்க"ன்னு கேளுங்க. போட்டதும் திரையைப் பாக்காம முகத்தைத் திருப்பிக்கிட்டு காதை மட்டும் குடுங்க. பேசுறது புரியுதா? பேன் சத்தம், பஸ் ஹாரன், காத்து எல்லாத்தையும் தாண்டி ஒருத்தர் பேசுற பேச்சு காதுல விழுந்துச்சுன்னா அங்க பாடம் நடக்குன்னு அர்த்தம். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வீணையும் பியானோவுமா ஊத்தி வச்சிருந்தா, பேச்சைக் காப்பாத்த முடியலன்னு அர்த்தம்.

ஏன் சத்தத்தைச் சொல்லுதேன்னா, படத்தைத் தனியாளா எடுத்துரலாம். சத்தத்தைத் தனியாளா எடுக்க முடியாது. நடிக்கிறவன் தலைக்கு மேல, நீளக் கம்புல மாட்டுன பூம் மைக்கைத் தூக்கிட்டு ஒருத்தர் நிக்கணும், கை நடுங்காம, நிழல் விழாம. இன்னொருத்தர் ஹெட்போன் போட்டுக் கேக்கணும். அந்த ரெண்டு ஆளையும் யூடியூப் குடுக்காது, காலேஜ் குடுக்கும். நீங்க கட்டப் போற பீஸ் அதுக்குத்தான்.

12 மே

நேத்து தூக்கக் கலக்கத்துல சுருக்கமா எழுதிட்டேன். காத்து பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். நம்ம ஊர்ல சினிமா படிக்கிறவளுக்கு அது தனிப் பாடம்.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து மலையில முட்டி, ஆரல்வாய்மொழி கணவாய் வழியா பிச்சுக்கிட்டு வரும். முப்பந்தல், பணகுடி பக்கம் கரண்ட் எடுக்கிற காத்தாடி அத்தனை நட்டிருக்கிறது சும்மா இல்ல. குத்தாலத்துக்குச் சாரலை அனுப்புறதும் இதே பருவந்தான். ஊருக்குச் சந்தோசம், மைக்குக்குச் சனி. காத்து மைக்கோட மெல்லிய தகட்டுல நேரா அடிச்சா வர்றது காத்துச் சத்தம்கூட இல்ல, 'பொத்து பொத்து'ன்னு ஒரு இடி. அதுக்கு அடியில மாட்டுன பேச்சை எந்த சாப்ட்வேரும் முழுசா மீட்டுத் தராது. இப்போ ஏஐ வச்சு சுத்தம் பண்ணுதாவ, உண்மைதான். பண்ணுனா ஆளு தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசுன மாதிரி வரும்.

எங்க காலேஜ் செட்டுல ஒரு டீம் ஆடி மாசம் பணகுடிக்கு அந்தப் பக்கம் போய் அண்ணன் தம்பி சண்டைக் காட்சி எடுத்துட்டு வந்தாவ. படம் அள்ளிட்டு வந்திருந்தது. பின்னால காத்தாடி சுத்துது, முன்னால வேட்டி படபடக்குது. பேச்சு ஒரு சொல் தேறல. கடைசியில ஹாஸ்டல்ல ஜன்னலை மூடி, ஜமுக்காளத்தைப் போத்திக்கிட்டு உள்ள உக்காந்து டப்பிங். ஜூலை மாசப் புழுக்கம். ரெண்டு பேரும் நிஜமாவே சண்டை போட்டுக்கிட்டதால டப்பிங் நல்லா வந்துச்சுன்னு சொல்லுவாவ.

முடி வச்ச மைக் உறை ஒண்ணு இருக்கு, காத்தை முடியிலேயே உடைச்சுரும். விலை பெருசு இல்ல. காலேஜ் விஸ்காம் துறையில அது இருக்கான்னு பாருங்க. இருந்து, அழுக்காவும் இருந்தா இன்னும் நல்லது.

12 மே, பிறகு

"தமிழ்ப்படமே பாதி டப்பிங்தானே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. ஆமா. ஸ்டுடியோ இருக்கு, பழகுன குரல் இருக்கு, காசு இருக்கு, பண்ணுதாவ. காலேஜ்ல இருக்கது ஜமுக்காளம்.

இன்னொண்ணு, நம்ம பக்கத்துப் பேச்சை வெளியூர்க் குரல் பேசுனா எப்படி இருக்கும்னு தியேட்டர்லயே கேட்டிருப்பீய. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில ஒரு 'ல'வைச் சேத்துட்டா நெல்லைத் தமிழ் ஆயிருமாம்ல.

15 மே

அண்ணாச்சி கேட்ட அடுத்த கேள்வி: காமர்ஸ் குரூப்புக்கு விஸ்காம் தருவாவளா, தந்தாலும் சினிமா மட்டுந்தானா?

தருவாவ. கணக்கு வேணும்னு நிபந்தனை வைக்கிறது வழக்கம் இல்ல, அந்தந்தக் காலேஜ் விதியை மட்டும் பாத்துக்கிடுங்க. சினிமா மட்டும் இல்ல. முதல் வருசம் பெரும்பாலும் படம் வரையுறது. கை, கால், மண்பானை, நிழல். கேமரா கேட்டு வந்த பிள்ளைய கையில பென்சிலைக் குடுத்தா மூஞ்சி தொங்கிப் போயிரும். அப்புறம் போட்டோகிராபி, விளம்பரம், இதழியல், திரைக்கதை, அனிமேஷன், ஊடகச் சட்டம்னு போகும். சட்டத் தாள் போர்தான். ஆனா கல்யாண வீடியோவுல சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூப்ல ஏத்தி, காப்பிரைட் கோரிக்கை வந்து பாட்டுச் சத்தம் மட்டும் காணாமப் போற அன்னைக்கு அந்தத் தாள் ஞாபகம் வரும்.

சினிமாதான் லட்சியம்னா வேற வழியும் இருக்கு. தரமணியில அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம். நாலு வருசப் பட்டம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், இயக்கம்னு தனித்தனியா. பிளஸ் டூ முடிச்சதும் போலாம், அரசுக் கட்டணம், ஆனா இடம் ரொம்பக் கம்மி. பூனா பிலிம் இன்ஸ்டிட்யூட் 1960ல வந்தது, கல்கத்தாவுல சத்யஜித் ராய் பேர்ல இருக்கிறது 1995ல. அங்க இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் மாதிரி பெரிய படிப்புக்கெல்லாம் ஏதாவது ஒரு டிகிரி இருந்தா போதும், விஸ்காமா இருக்கணும்னு இல்ல. பி.காம் முடிச்சிட்டும் நுழைவுத் தேர்வு எழுதலாம். இதை உங்க மககிட்டச் சொல்லிருங்க. அவளுக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்லிருங்க.

எங்க வீட்டுல நான் இந்தப் படிப்பு கேட்டப்போ, அப்பாவுக்குத் தெரிஞ்ச தமிழ் வாத்தியார் ஒருத்தர் வந்து புதுமைப்பித்தன் கதையைச் சொன்னாரு. அவரு எழுதுன கதை இல்ல, அவரோட கதை. நம்ம இந்துக் கல்லூரியில படிச்ச மனுசன், பத்திரிகை வேலையை விட்டு சினிமாவுக்கு எழுதப் போனாரு, சொந்தமாப் படக் கம்பெனியும் தொடங்கிப் பாத்தாரு, கடைசியில பட வேலைக்குப் பூனா போன இடத்துல காசநோய் முத்தி 1948ல திருவனந்தபுரத்துல போயிட்டாரு, நாப்பத்திரண்டு வயசு. "எழுத்தாளனுக்கே இந்தக் கதி, நீ எந்த மூலைக்கு?"ன்னு முடிச்சாரு. அப்பா அசந்துட்டாரு. எனக்கு அந்த ராத்திரிதான் புதுமைப்பித்தனைப் படிக்கணும்னு தோணுச்சு.

19 மே

"கொடை வீடியோ எல்லாம் ஒரு வேலையா"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. தம்பி, நான் படிச்சதுலயே பெரிய பாடம் அங்கதான்.

மூணாம் வருச டாக்குமெண்டரிக்கு கணியான் கூத்தை எடுக்கப் போனோம். தெரியாதவங்களுக்கு: அண்ணாவி பாடுவாரு, பின்பாட்டு உண்டு, ரெண்டு பேரு மகுடம்ங்கிற தோல் கருவி அடிப்பாவ, பொம்பள வேசம் கட்டுன ஆட்டக்காரங்க ஆடுவாவ. சுடலைமாடன் கோயில் கொடையில விடிய விடிய நடக்கும். அந்த ரெண்டு மகுடமும் ஒரே சத்தம் இல்ல. ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம். தீயில காட்டித் தோலை முறுக்கேத்தி, திரும்ப அடிச்சுப் பாத்து, திரும்பக் காட்டி, அப்படித்தான் சுருதி வைப்பாவ. அந்த ரெண்டும் பிரிஞ்சு காதுல விழலைன்னா அது கூத்துப் பதிவே இல்ல.

இதைப் போன்ல எடுத்துப் பாருங்க. போன் சத்தத்தைத் தானாவே கூட்டிக் குறைக்கும். உச்ச மகுடத்துல ஒரு அடி விழுந்ததும் பயந்துபோய் மொத்தத்தையும் இறக்கும். அண்ணாவி குரல் கிணத்துக்குள்ள போயிரும். அடி ஓஞ்சதும் பையப் பைய ஏத்தும், அடுத்த அடி விழுந்ததும் திரும்ப இறக்கும். கேக்கவே தலை சுத்தும்.

நாங்க செஞ்சது: தனியா ஒரு ரெக்கார்டர், தானியங்கி அளவை அணைச்சுட்டு, பலமான அடிகூட ரெக்கார்டர் காட்டுற அளவுல மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத மாதிரி கையால வச்சோம். மைக் செட் அண்ணன்கிட்டக் கெஞ்சி அவரு மிக்ஸர்ல இருந்து ஒரு லைன் வாங்குனோம். அதுல அண்ணாவி குரல் சுத்தமா வந்துச்சு, மகுடம் வரல. மகுடத்துக்குத்தான் மைக்கே வேண்டாமே, ஊருக்கே கேக்குமே. அதனால மகுடத்துக்கு முன்னால தரையோட ஒரு மைக், கூட்டத்துக்கு ஒண்ணு. எல்லாத்தையும் எடிட்டுல சேத்தோம். மைக் செட் அண்ணனுக்கு நாங்க யாரு எவருன்னு தெரியாது. எங்க கூட வந்த பையன் அவருகூட உக்காந்து டீ குடிச்சு, பழைய குழாய் ஸ்பீக்கர் கதையெல்லாம் கேட்டு, அப்புறந்தான் லைன் வந்துச்சு. எந்தத் தாள்லயும் இது இல்ல.

கேமராவுக்கும் ஒரு சேதி. அப்போ எங்ககிட்ட இருந்த மாதிரி கேமரா எல்லாம் 29 நிமிசம் 59 செகண்டுல தானா நின்னுரும். ஐரோப்பாவுல அப்போ அரை மணி தாண்டி எடுத்தா வீடியோ கேமரான்னு கணக்கு, சுங்கவரி கூடவா இருந்துச்சு. அந்த வரிக்குப் பயந்து கம்பெனிக்காரன் வச்ச பூட்டு. அவன் அங்க வரி மிச்சம் பிடிச்சதுக்கு இங்க நடுராத்திரி சாமக்கொடையில சுடலைக்கு அருள் வர்ற நேரம் கேமரா நின்னு போகுது. அதனால ரெண்டு கேமரா, ஒண்ணுக்கொண்ணு பத்து நிமிசம் தள்ளி ஓடணும். ரெண்டும் ஒரே நேரத்துல நிக்கக் கூடாது.

கணக்கு ஒண்ணு: 4கே வீடியோ செகண்டுக்கு 100 மெகாபிட் வீதம் ஓடுனா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா ஆறு மணி நேரம்னா 540 ஜிபி. ஒரு ராத்திரிக்கு. அதைப் போட்டு வைக்க இடம், இன்னொரு நகல், விடியக்காலை அஞ்சு மணிக்குத் தூக்கக் கண்ணோட தப்பான கார்டை அழிக்காம இருக்கிற நிதானம், இவ்வளவும் வேணும்.

பாளையங்கோட்டையில நாட்டார் வழக்காற்றியலுக்கே தனித் துறை வச்ச சவேரியார் கல்லூரி இருக்கு. 1923ல தொடங்குன காலேஜ். நம்ம கூத்து, வில்லுப்பாட்டு, கொடை பத்தி முறையா ஆய்வு நடந்த இடம். விஸ்காம் பிள்ளைய அந்தப் பக்கம் எட்டிப் பாத்தா டாக்குமெண்டரிக்கு விஷயம் தேடிச் சென்னைக்குப் போக வேண்டாம்.

20 மே

"இப்போ வர்ற கேமராவுல அந்த 29 நிமிசப் பூட்டு இல்ல." பலதுல இல்லதான், எடுத்துட்டாவ. இப்போ நிறுத்துறது சூடு. சித்திரை வெயில்ல 4கே ஓட விட்டுப் பாருங்க. நடுப்பகல் உச்சிக்கொடை பாதியில கேமரா கும்பிடு போட்டுரும். ஈரத்துணி போடாதீங்க, குடை பிடிங்க.

28 மே

சம்பாத்தியம். அண்ணாச்சி இதைத்தான் முதல்ல கேக்கணும்னு நெனச்சு, கேக்கக் கூச்சப்பட்டு, பதினேழு நாள் கழிச்சுக் கேட்டிருக்காரு.

திருநெல்வேலியில இருந்துக்கிட்டு சினிமாவுல சம்பாதிக்க முடியாது. இங்க கல்யாணம், சடங்கு, கொடை, காலேஜ் விழா, நகைக்கடை ஜவுளிக்கடை விளம்பரம், அரசியல்வாதிங்களுக்கு ரீல்ஸ். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தத்துல மூச்சு விட நேரம் இருக்காது, ஆடியிலயும் மார்கழியிலயும் டிஸ்கைத் துடைச்சு அடுக்கி வைக்கிற வேலைதான். கேமராக்காரங்க ஊருக்குப் பத்துப் பேரு இருக்காவ. நல்ல எடிட்டர் கெடைக்கல. அதனால எடிட்டர் சீட்டுல உக்காந்தவளுக்கு மழையோ வெயிலோ வேலை உண்டு. சென்னைக்காரங்களுக்கும் இங்க இருந்தே இன்டர்நெட்ல அனுப்பிப் பண்ணுதேன். உங்க மகளுக்கு எடிட்டிங்ல மனசு இருந்தா அதைப் பிடிச்சுக்கிடச் சொல்லுங்க. வீட்டுல இருந்தே பாக்கலாம், ராத்திரி அலைச்சல் இல்ல.

2 ஜூன்

மேல எழுதுனதைத் திரும்பப் படிச்சா கடைசி வரி உறுத்துது.

தொழில் கணக்கு சரிதான். ஆனா "ராத்திரி அலைச்சல் இல்ல"ன்னு சொல்லித்தான் விஸ்காம் படிச்ச பொம்பளப் பிள்ளைய முக்காவாசிப் பேரை எடிட் ரூமுக்குள்ள உக்கார வச்சிருக்கு. எங்க செட்டுலயும் அதான் நடந்துச்சு. பையன்கள் கேமரா, நாங்க கம்ப்யூட்டர். யாரும் உத்தரவு போடல, தானா அப்படி ஒதுங்குச்சு. மூணு வருசம் சேந்து வேலை செய்யக் கத்துக்கிடுறதுதான் படிப்புன்னு மேல அவ்வளவு நீட்டி எழுதிட்டு, உங்க மகளைத் தனியா ஒரு ரூம்ல உக்காரச் சொன்னா அது என்ன பேச்சு?

அந்தக் கூத்து எடுக்கப் போன ராத்திரி எங்க டீம்ல நாங்க ரெண்டு பேரு பொண்ணுங்க. போனதும் ஒரு ஆச்சி, "ஏட்டி, ஒங்க ஐயா ஆத்தா எப்படி விட்டாவ?"ன்னு கேட்டா. ரெண்டு மணி நேரம் கழிச்சு அதே ஆச்சி பொங்கல் விடுற பொம்பளைங்க பக்கத்துல எங்களுக்கு இடம் போட்டுக் குடுத்து, "இங்கன நின்னு எடு, அவனுவ இங்க வர முடியாதுல்லா"ன்னா. குலவைச் சத்தம் பக்கத்துல இருந்து கெடைச்சது எங்க மைக்குக்கு மட்டுந்தான். படத்துல இன்னைக்கும் ஆளுங்க நின்னு கேக்கிற இடம் அது.

அண்ணாச்சி, அனுப்புங்க, ராத்திரிக்கும் சேத்து. கூட யாரு போறா, வண்டி எது, எந்த ஊருன்னு கேட்டு வச்சுக்கிடுங்க, அது வேற.

3 ஜூன்

சாமியாடுறவங்களை எடுக்கலாமான்னு கேள்வி. முதல்ல கோயிலுக்கு வரி குடுக்கிற வரிதாரர்கள்கிட்டக் கேக்கணும், சாமியாடுற கோமரத்தாடிகிட்ட முன்னாலேயே தனியாக் கேக்கணும். அருள் வந்த பிறகு கேக்க முடியாது. சில கோயில்ல கருவறைப் பக்கம் கேமராவே கூடாது. சொன்னா மடிச்சு வச்சுருங்க. ஆடி முடிச்சு மயங்கிக் கெடக்கிறவர் முகத்தைக் குளோசப்புல எடுத்து ரீல்ஸ் போடுறவங்களை நான் வேலைக்குக் கூப்பிடுறது இல்ல.

14 ஜூன்

"வீட்டுக்குள்ள டியூப்லைட்ல எடுத்தா கறுப்புக் கோடு கோடா ஓடுது, போன் ரிப்பேரா?" ரிப்பேர் இல்ல. நம்ம கரண்ட் செகண்டுக்கு 50 சுத்து, அதனால லைட் செகண்டுக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். போன் பெரும்பாலும் செகண்டுக்கு 30 பிரேம், அதாவது 30 படம்னு எடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் திறந்திருக்கிற நேரம் செகண்டுல 60ல ஒண்ணுன்னு இருந்தா, 60 சுத்து ஓடுற அமெரிக்காவுக்கு அது பொருத்தம். இங்க ஷட்டரை 50ல ஒண்ணு, இல்லாட்டி 100ல ஒண்ணுன்னு வைங்க. 25 பிரேம்ல எடுங்க. அதுக்கும் ஓடுனா மட்டமான எல்இடி பல்பு, கழட்டி எறிங்க.

போன்ல இன்னொரு தொல்லை: பிரேம் வேகம் ஒரே சீரா இருக்காது, வெளிச்சத்தைப் பாத்துக் கூடும் குறையும். தனி ரெக்கார்டர் சத்தத்தை அதோட சேத்தா ஆரம்பத்துல பொருந்தும், நேரம் போகப் போக வாயி ஒரு பக்கம், சொல்லு ஒரு பக்கம். எடிட்டுக்கு முன்னால சீரான வேகத்துக்கு மாத்திக்கிடணும். போன் போதும்னு சொல்லுதவங்க இந்தக் கதையையும் சேத்துச் சொன்னா நல்லா இருக்கும்.

24 ஜூன்

ட்ரோன் கேட்ட தம்பிக்கு. எந்த ஊருல பறக்க விடப் போறீய? கூடங்குளத்துல அணுமின் நிலையம். விஜயநாராயணத்துல கடற்படை. மகேந்திரகிரியில ராக்கெட் இன்ஜின் சோதனை. மேற்கே மலையேறுனா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், கேமரா தூக்கவே வனத்துறை அனுமதி வேணும். ட்ரோன் பறக்க விடணும்னு ஆசைப்படுறவன் நம்ம மாவட்டத்துல பிறந்திருக்கக் கூடாது.

2021 ட்ரோன் விதிப்படி சிவப்பு மண்டலத்துல மத்திய அரசு அனுமதி இல்லாம பறக்கவே கூடாது. டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசு இணையதளத்துல வரைபடத்தைப் பாத்துட்டு வாங்க. ஆத்தை மேல இருந்து காட்டணும்னா ஒரு மச்சு வீட்டு மொட்டை மாடியில கேட்டு ஏறுங்க. காபியும் குடுப்பாவ.

10 ஜூலை

அண்ணாச்சி எழுதியிருக்காரு. சேத்தாச்சாம். ரெண்டு காலேஜ் போய்ப் பாத்தாராம். ஒரு இடத்துல, "சார், படத்தைப் பாக்காம எங்கயோ பாக்கீங்களே"ன்னு கேட்டாங்களாம். இவரு, "கேக்கத்தான் வந்தேன்"ன்னாராம். எந்தக் காலேஜ்ல சேத்தாருன்னு சொல்லல, நானும் கேக்கல.

லேப்டாப் கேட்டிருக்காரு. 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் இருந்தா நல்லது. முதல் செமஸ்டர் பென்சில்தான், இப்பவே வாங்கணும்னு அவசரம் இல்ல. டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாப்ட்வேரோட இலவசப் பதிப்பே அவளுக்குப் போதும், 4கே வரைக்கும் வெளிய எடுக்கலாம். மெஷின் திணறுனா பிராக்ஸி, அதாவது லேசான நகல் போட்டு எடிட் பண்ணச் சொல்லுங்க. கேமரா வாங்கவே வாங்காதீங்க, மூணாம் வருசத்துக்குள்ள அவளுக்கே எது வேணும்னு தெரிஞ்சிரும், நீங்க இன்னைக்கு வாங்குறது அதுவா இருக்காது.

ஹார்ட் டிஸ்க் ஒண்ணு போதுமான்னா, போதாது. ரெண்டு வாங்குங்க, ஒண்ணு ஹாஸ்டல்ல, ஒண்ணு அம்பையில உங்க பீரோவுல. மாசம் ஒரு தடவை ஊருக்கு வாரப்போ ரெண்டுலயும் ஒரே சரக்கு இருக்க மாதிரி நகல் எடுத்து வைக்கட்டும்.